ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சௌக்கியம்.

வேறு வேலை கிடைக்க இன்னும் எத்தனை நாளாகும் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம் என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். பதினான்கு ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். ஆறாவது மாடி. போகிற வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் மாட்டிக்கொண்டால் சிரிக்கமாட்டார்களா? அவசர பட்டனை அழுத்தினேன். ஸ்பீக்கரில் எங்கள் சூப்பர்வைசர் குரல்! அப்போதுதான் கண்ணுக்கு நேரே ஒட்டியிருந்த எங்கள் கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

"உள்ள எத்தனை பேரு?" என்றார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தர்தாங்க" என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்ததும் அவர்தான். என் இஸ்திரி போட்ட சட்டையையும் கையிலிருந்த ஃபைலையும் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சூப்பர்வைசர் வேலை ஏதாவது காலி இருக்கான்னு கேட்டியா? நானும் ஒன்பது வருஷமா தேடறேன்டா" என்றார்.

இன்டர்வியூ முடிந்துபோயிருந்தது.

பீரோவில் இருக்கும் என் சான்றிதழை இரண்டு நகல் எடுத்து அனுப்புங்கள். நீங்கள் படித்து முடித்த தமிழ்ப் பேப்பரைச் சுற்றி அனுப்பினால் படித்துக்கொள்வேன். பழசானாலும் பரவாயில்லை.

கீழே சூப்பர்வைசர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன். இரண்டு நகல் வேண்டாம் அப்பா, இருபதாக எடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன்