ஞாயிற்றுக்கிழமைத் தீவு

3-6-2025, செவ்வாய்

கடைக்கு வந்த பூப்போட்ட நைட்டியில் ஈரத்துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சாயம் ஒட்டிக்கொண்டு வந்தது. பண்டலை அப்படியே திருப்பி அனுப்பியாயிற்று.

வீட்டுக்கு வந்து டி.வி.யில் அந்தப் புதுக் குதிரை வீடியோ கேமைப் போட்டேன். பத்து நாளாகப் பார்க்கிறேன். மலை, பனி, குதிரை மூச்சு விட்டால் புகை — எல்லாம் நேரில் பார்ப்பது போலத்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டு மணி நேரம் எவனோ ஒருவன் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். கடைக்கு வருகிறவர்களை நான் இப்படிக் காக்க வைத்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் பழைய டாங்க் ஆட்டம். அரை நிமிடத்தில் புரிந்துவிடும். ஒரு கோட்டை, சுற்றிலும் செங்கல் சுவர். எதிரி சுட்டாலும் உடையும், நாம் சுட்டாலும் உடையும். பதற்றத்தில் தன் சுவரைத் தானே உடைத்துக்கொண்டு தோற்றவர்கள்தான் அதிகம். இரண்டு பேர் ஆடுவது. இப்போது இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. தேவையும் இல்லை.

ஐம்பது வயதில் ஒரு பொம்பளை இதையெல்லாம் எழுதுகிறாள். யார் படிக்கப் போகிறார்கள்.

6-6-2025, வெள்ளி

ஷஹ்பாஸ் போன் செய்தான். அயர்லாந்தில் இன்றைக்கே பெருநாள், இங்கே நாளைக்கு. “சாப்டீங்களா? பிரஷர் மாத்திர போட்டீங்களா? சரிம்மா, வைக்கிறேன்.” நான்கு நிமிடம்.

ஒரே பிள்ளை. அவன் அத்தா, என் வீட்டுக்காரர், போய் எட்டு வருடம். பிரியாணிக்கு அரைக் கிலோ அரிசி போட்டால் மீந்துவிடுகிறது.

8-6-2025, ஞாயிறு

இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஷஹ்பாஸ் அயர்லாந்துக்குப் போகும்போது வீடியோ கேம் பெட்டியை விற்றுவிடச் சொன்னான். நான் விற்கவில்லை. அதில் அவனுடைய நண்பர்கள் பட்டியல் அப்படியே இருந்தது. போன வாரம் நான் வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். ‘சைலண்ட் 49’. அவனும் இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆடும் தீவு ஆட்டத்துக்கு நாலாவது ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். சேரும் பொத்தானை அமுக்கினேன், சேர்த்துக்கொண்டார்கள்.

கப்பல் உடைந்து நாலு பேர் ஒரு தீவில் கிடக்கிறார்கள். மரம் வெட்ட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், படகு கட்டித் தப்பிக்க வேண்டும். புது ஆட்டங்களில் நான் மதிக்கிற ஒன்றிரண்டில் இது ஒன்று. சோம்பேறிக்குச் சோறு கிடையாது.

அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். எனக்கு மைக் கிடையாது. ஹெட்செட்டில் என் மகன் இரண்டரை மணி நேரம் சிரித்தான். அவன் சிரிப்பு இப்படி உடைந்து உடைந்து வரும் என்பதே மறந்துபோயிருந்தது.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் ஆட்டத்தைவிட்டு வெளியே வந்தேன். தொழுதுவிட்டுக் கடைக்குப் போனேன். ஞாயிறு மாலை வியாபாரம்.

22-6-2025, ஞாயிறு

மற்ற இருவரும் நல்ல பிள்ளைகள். கோகுல்ராஜ் திருச்செங்கோட்டுக்காரன், ரிக் வண்டியோடு போய் ஆப்பிரிக்காவில் போர்வெல் தோண்டுகிறான். இனியா ராசிபுரத்துப் பெண், பெங்களூரில் வேலை.

சாமான் கிடங்கை நான் எடுத்துக்கொண்டேன். கட்டை ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம், ஆணி தனிப் பெட்டியில்.

“ஏனுங்க சைலண்ட் அண்ணா, அஞ்சு ஆணி குடுங்க” என்றான் கோகுல்ராஜ். மூன்றுதான் கொடுத்தேன். அந்த வேலைக்கு மூன்று போதும்.

“கஞ்சப் பிசினாரிங்க இவுரு!”

“விடுடா, எங்கம்மா மாதிரி இருக்காரு” என்றான் ஷஹ்பாஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

2-7-2025, புதன்

கடையில் ஆத்தாயி என் கண்ணைப் பார்த்துவிட்டு, “ராத்திரியெல்லாம் சீரியல் பாக்குறீங்களாட்ட இருக்குதுங்க” என்றாள். ஆமாம் என்றேன். பதினெட்டு வருடமாக என்னிடம் துணி மடிக்கிறாள். வீடியோ கேம் ஆடுகிறேன் என்று சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போய்விடுவாள்.

என் முதல் தொழிலே இதுதான் என்று அவளுக்குத் தெரியாது. தொண்ணூற்றொன்பதில் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஒரு அறை. இரண்டு பழைய டி.வி., கேசட் போட்டு ஆடும் கேம் பெட்டி. ஷஹ்பாஸ் தொட்டிலில். பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆட வருவார்கள். ஜாய்ஸ்டிக்கை உடைக்காமல் இருக்கச் சொல்லித்தர வேண்டுமென்றால் நானும் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்த பைத்தியம் இது.

அங்கே எனக்கு ஒரே சட்டம். பாங்கு சொன்னால் இரண்டு டி.வி.யையும் அணைத்துவிடுவேன். நான் தொழுதுவிட்டு வரும்வரை எல்லாப் பையன்களும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். “பத்து நிமிஷம் கணக்குல சேராது” என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். ஒருத்தன் எழுந்து போகமாட்டான். ஷஹ்பாஸுக்கு ஐந்து வயதானபோது அவனே வாசலில் நின்று அதைக் கூவுவான்.

13-7-2025, ஞாயிறு

இப்போதே எழுதிவிடுகிறேன்.

மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். இனியா கேட்டாள், “வேல எதாச்சும் கெடச்சுதா ஷஹ்பாஸ்?”

“இல்ல. ஏப்ரல்ல போனது போனதுதான். நவம்பர் வரைக்கும் விசா. அதுக்குள்ள கெடைக்கலன்னா கிளம்பணும்.”

ஏப்ரலா? நான் ரம்ஜானுக்குச் சட்டை வாங்கிக்கொள் என்று சொன்னதற்கு அடுத்த மாதமா?

“ஊட்ல சொல்லிட்டியாடா?” — கோகுல்ராஜ்.

“சொன்னா எங்கம்மா கடைய வித்து அனுப்பும்.”

“அப்பொ ஊருக்கு வந்துரு. என்ன இப்பொ?”

“வந்து? சேலத்துல உக்காந்து நைட்டி மடிக்கச் சொல்றியா?”

பொத்தானைத் தப்பாக அமுக்கிவிட்டேன். கையில் வைத்திருந்த கட்டையெல்லாம் தண்ணீரில் விழுந்தது. “அண்ணே, பாத்து!” என்று கத்தினான். என் பிள்ளை என்னைப் பார்த்துக் கத்தினான், அண்ணே என்று.

நைட்டி மடிச்சுத்தான்டா உன்னை ஏரோப்பிளேன் ஏத்துனேன். ஆட்டையாம்பட்டி வரைக்கும் பஸ்ஸுல மூட்டையத் தூக்கிட்டுப் போயி வித்தேன்டா. கேவலமா இருக்குதா?

18-7-2025, வெள்ளி

“வேல நல்லாப் போகுதும்மா.”

“சரி கண்ணு.”

நான்கு நிமிடம்.

20-7-2025, ஞாயிறு

இன்றைக்குப் போகக்கூடாது என்று நினைத்திருந்தேன். நான்கு மணிக்குப் பெட்டியைப் போட்டுவிட்டேன்.

கோபம் இறங்கிவிட்டது. அவன் சொன்னது என் தொழிலைப் பற்றி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தோற்று வந்து நிற்பதைப் பற்றி. நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். அவன் அத்தா படுத்த படுக்கையாக இருந்த ஆறு மாதமும் கடையில் யாருக்கும் தெரியாதே. யாரிடம் கற்றான் பின்னே?

தெரியும் என்று சொல்லிவிடலாம். எப்படித் தெரியும் என்று கேட்பான். அம்மா நாலாவது ஆளாக ஒளிந்திருந்து கேட்டாள் என்று தெரிந்தால் அந்தத் தீவுக்கு வரமாட்டான். நான்கு நிமிடம் மட்டும் மிஞ்சும். சொல்லாமல் இருந்தால், அவன் அங்கே தனியாக முழுங்கிக்கொண்டே இருப்பான்.

வியாபாரத்தில் இவ்வளவு யோசித்ததில்லை.

10-8-2025, ஞாயிறு

அவன் வரவில்லை. மற்ற இருவரோடு மீன் பிடித்தேன். மட்டமான ஆட்டம்.

17-8-2025, ஞாயிறு

வந்துவிட்டான். குரல் இளைத்திருக்கிறது. குரல் இளைக்குமா? இளைக்கும்.

கிடங்கில் இருந்த நல்ல சாப்பாட்டையெல்லாம் அவன் பையில் போட்டேன். “இவ்ளோ எதுக்குண்ணே?” என்றான்.

31-8-2025, ஞாயிறு

கோகுல்ராஜ் என்னை வம்புக்கு இழுத்தான். “சைலண்ட் அண்ணன் சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போயர்றாருங்க. பொண்டாட்டி கூப்புட்டா நிக்க மாட்டாராட்ட இருக்குது.”

இனியா கணக்கில் புலி போலிருக்கிறது. “நேரத்த கவனிச்சியா? ஜூலைல ஆறே முக்காலுக்குப் போனாரு. போன தடவ ஆறு முப்பத்தஞ்சு. கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது.”

“பொண்டாட்டி நெருக்குறாங்க!”

ஷஹ்பாஸ் சிரிக்கவில்லை. சிக்னல் போயிருக்கும் என்று நினைத்தேன்.

பொழுது சீக்கிரம் சாய்கிறது, பாங்கு ஆறு இருபத்தெட்டுக்குச் சொன்னார்கள். வெளியே வந்தேன்.

14-9-2025, ஞாயிறு

“அண்ணே, நீங்க எந்த ஊரு?”

திடீரென்று கேட்டான். நான் கோடாரியைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். ஊமை என்றால் அதுதானே பதில்.

“சரிண்ணே” என்றான். நான் கிளம்பும்வரை என் பக்கத்திலேயே நின்று மரம் வெட்டினான்.

பெயரை மாற்றினேன், வாயைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாம் ஜாக்கிரதையாகத்தான் செய்தேன்.

12-10-2025, ஞாயிறு

தீபாவளிக்கு எட்டு நாள். கடையில் நிற்க இடமில்லை. மூன்றரைக்கு நான் பையை எடுத்தேன்.

“தீவாளி யாவாரத்த உட்டுப்போட்டு எங்கீங்க போறீங்க?” — ஆத்தாயி.

“வேல இருக்கு.”

“ஞாயித்துக்கெழமையானா அப்பிடி என்னதானுங்க வேல?”

படகு முடியும் நாள். நாலு மாத வேலை. கடைசி ஆணிகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். ஆறு மணிக்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள், நான் மட்டும் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறலாமா? ஏறினால் ஆட்டம் முடிந்துவிடும். அப்புறம் அடுத்த ஞாயிறு எங்கே போவது?

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது.

நான் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்செட்டில் அவன் குரல். வேறு மாதிரி இருந்தது.

“போய்ட்டு வாங்க. பத்து நிமிஷம் கணக்குல சேராது.”

“என்னடா ஒளர்ற?” என்றான் கோகுல்ராஜ்.

“ஒன்னுமில்ல. கயிற அவுக்காத. உக்காரு.”

தொழுதேன். என்ன ஓதினேன் என்று கேட்டால் தெரியாது. மூன்றாவது ரக்அத்தில் அழுகை வந்துவிட்டது.

கடைக்குப் போகவில்லை. திரும்பப் பெட்டிக்கு வந்தேன். இனியாவும் கோகுல்ராஜும் போய்விட்டிருந்தார்கள். அவனை மட்டும் பார்த்தேன். படகில் உட்கார்ந்திருந்தான். கயிறு கட்டியபடியே இருந்தது.

நான் ஏறி எதிரில் உட்கார்ந்தேன். அவன் தன் பையிலிருந்து ஒரு மீனை எடுத்து என் முன்னால் வைத்தான்.

17-10-2025, வெள்ளி

போன். நாற்பத்தொரு நிமிடம்.

“எப்பத்துலேர்ந்து கேட்டுட்டு இருந்தீங்க?”

“ஜூன்லேர்ந்து.”

“அப்ப நைட்டி மடிக்கிறது —”

“கேட்டேன்.”

லைன் போய்விட்டதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

“நான் சொன்னது தப்பும்மா. நீங்க ஒளிஞ்சு கேட்டதும் தப்பு.”

“ஆமா. ரெண்டும் தப்புதான்.”

நவம்பர் இருபதுக்கு டிக்கெட் போட்டிருக்கிறானாம். “வந்து என்ன பண்றதுன்னு தெரியலம்மா.”

“தெரியலன்னா பரவால்ல. வா.”

“மடிக்க உக்கார வெச்சுடுவீங்களா?”

“உனக்கு மடிக்க வராது. ஆத்தாயி தொரத்திவிட்டுரும்.”

சிரித்தான். உடைந்து உடைந்து.

25-10-2025, சனி

தீபாவளிச் சரக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மீந்தது எல்லாம் பெரிய சைஸ்.

பரணிலிருந்து ஒயர் விட்டுப்போன அந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்துச் சூரமங்கலத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். ஒயரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பற்றவைத்தால் சரியாகிவிடும் என்றார்.

“இதெல்லாம் இன்னும் யாருங்கம்மா ஆடுறாங்க? அதுவும் ரெண்டாவது செட்டு?”

“ஆளு வருது” என்றேன்.