டீச்சரின் காரும் என் வாயும்

செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனை

டீச்சரின் காரை இன்றுதான் ஒழுங்காகத் திருத்தினேன். போன வாரமே செய்திருக்க வேண்டிய வேலை.

ஸ்டியரிங் லொக்கைத் திறக்கும் சின்ன மோட்டர் தேய்ந்துபோயிருந்தது. அன்று கராஜில் வேலை நெருக்கம். மோட்டரை மாற்றாமல், ஸ்குரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினேன். லொக் திறந்தது. "இனிப் பயமில்லை டீச்சர்" என்று சொல்லிக் காரைக் கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலை அவருடைய கணவருக்கு நெஞ்சு நோ. அவரைக் காரில் ஏற்றிவிட்டுச் சாவியைப் போட்டால் ஸ்டியரிங் அசையவில்லை, காரும் ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த வயதில் டீச்சர் பெரிய தெருவான காலி வீதி வரை ஓடி, ஓட்டோ பிடித்து, அவரைப் பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நல்ல காலம், ஐயா பிழைத்துவிட்டார்.

இன்று வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டு வாசலில் வைத்தே லொக்கைக் கழற்றினேன். டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"பிழை என்னிலதான் தம்பி. பதட்டத்தில சாவியை ஒழுங்காப் போடேல்லைப் போல. நீங்கள் திருத்தித் தந்தனீங்கள்தானே."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம் டீச்சர், பதட்டத்தில அப்பிடி நடக்கும்" என்று வந்தது.

"அப்ப இதை ஏன் கழட்டுறீங்கள்?"

"சும்மா, ஒருக்காப் பாப்பம் எண்டு."

புது மோட்டரைப் போட்டு, லொக்கைத் திரும்பப் பொருத்தி, சாவியை அவரிடம் கொடுத்தேன். எழுதப் பழகும் பிள்ளையைப் போல மெதுவாக, கவனமாகப் போட்டார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது.

"பாத்தீங்களே, இந்த முறை சரியாப் போட்டிட்டன்" என்றார்.

நான் அதற்கும் தலையாட்டினேன்.