என் கோபம் மாத்திரையின் கோபம் அல்ல

அனுப்புநர்:
பெண் அறிவிப்பாளர்,
பேருந்து நிலையம், விசாரணைப் பிரிவுக்கு மேல்மாடி.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: கொழுப்பைக் குறைக்க எனக்குத் தரப்பட்ட மாத்திரையை என்னைக் கேட்காமலே நிறுத்தியது, என் கோபத்துக்கு அம்மாத்திரையைப் பொறுப்பாக்கியது ஆகியவை குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று நாள் முழுக்க மைக்கில் சொல்வது என் வேலை. கனிவு அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இருக்காது. இருந்தும் கல்யாணமான நாள் முதல் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியே இருந்தேன்.

2. இரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்று தங்கள் மருத்துவமனை டாக்டர் மாத்திரை எழுதினார். கொழுப்பு இறங்கியது. அதே சமயத்தில் நடந்த சிலவற்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. கணவர் கட்டிலில் போட்ட ஈரத் துண்டை ஜன்னல் வழியாக வீசினேன். அது கீழ்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதியின் தலையில் விழுந்தது தற்செயல். ஒரு வாரம் தங்க வந்து, மாதக்கணக்கில் டிவி ரிமோட்டைக் கீழே வைக்காத நாத்தனாருக்கு, அவள் ஊருக்குப் போகும் பேருந்துகளின் நேரத்தை மைக் குரலிலேயே அறிவித்தேன். அது தற்செயல் அல்ல.

3. இம்மாத்திரை சிலருக்கு மனநிலையை மாற்றக்கூடும் என்று என் மகன் செல்போனில் எங்கோ படித்துவிட்டான். அப்பாடா என்று அத்தனை பேருக்கும் நிம்மதி. அன்று முதல் நான் வாயைத் திறந்தாலே என் கணவர், “நீ பேசலம்மா, மாத்திரை பேசுது” என்கிறார். காய்ந்த துணியை மடித்து வையுங்கள் என்றால்கூட மாத்திரைதான்.

4. கணவர் என்னைத் தங்கள் டாக்டரிடம் அழைத்து வந்தார். டாக்டர் அவரைப் பார்த்து, “அவங்களுக்கு எதுக்கெல்லாம் கோபம் வருது?” என்று கேட்டார். நான் அதே பெஞ்சில், முழங்கை இடிக்கும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கணவர் குரல் தழுதழுக்கத் துண்டு விவகாரத்தைச் சொன்னார். துண்டு முதலில் எங்கே கிடந்தது என்பதைச் சொல்லவில்லை. “பக்க விளைவு” என்று எழுதி டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

5. இப்போது கொழுப்பு பழையபடி ஏறிவிட்டது. பரிசோதனை முடிவை இணைத்துள்ளேன். கோபமோ இம்மியும் குறையவில்லை. கேட்டால், “மாத்திரை ரத்தத்துல மிச்சம் இருக்கும் அண்ணி” என்கிறாள் நாத்தனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆம் ஐயா, இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

6. மாத்திரையால் மனநிலை மாறுமா என்பது தாங்கள் படித்த விஷயம். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. மாறும் என்றால் வேறு மாத்திரை கொடுங்கள். ஆனால் கேள்வியை என்னிடம் கேட்க வேண்டும். கணவர் வராந்தாவில் காத்திருக்கட்டும். “பக்க விளைவு” என்பதை அடித்துவிட்டு, “சொந்தக் கோபம், தக்க காரணம் உண்டு” என்று திருத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

7. ஐயா, என் அப்பா என்னுடைய இந்த வயதில்தான் மாரடைப்பில் போனார். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும், “எவ்வளவு சாந்தமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரே” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம். மாத்திரைதான் வேண்டும்.

இடம்: அறிவிப்பு அறை
நாள்: செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை

தங்கள் பதிலைக் கணவருக்கு அல்ல, எனக்கே எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
பேருந்து நிலைய அறிவிப்பாளர்