கொக்கு எழுதுவது

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கொக்கு எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த வெளிநாட்டு வீட்டில் நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது உன் இடுப்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் டாக்டர் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். காலெலும்பில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டதாம். செத்த எலும்புக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. ஸ்கூட்டரில் விழுந்தபோது வைத்த பிளேட்டை எடுத்தார்கள், இரண்டு தடவை எலும்பைச் சுரண்டினார்கள், மருந்து உருண்டைகளை உள்ளே வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகும் சீழ் திரும்பி வந்ததற்கு அதுதான் காரணமாம்.

நினைவிருக்கிறதா, கடையில் சவரக் கீறலுக்குத் தேய்க்கும் படிகாரக் கல்லைக் காலில் இருந்த ஓட்டையிலும் தேய்த்தேனே? அது மூடிக்கொண்டதும் "ஆறிடுச்சுங்க" என்று நீ குதித்தாய். நானும் பெரிய டாக்டர் மாதிரி மீசையை முறுக்கினேன். சீழ் வெளியேற இருந்த ஒரே வழி அந்த ஓட்டைதானாம். அதை அடைத்துவிட்டு, இரண்டு நாளில் காய்ச்சலில் விழுந்தேன். படிகாரக் கதையைக் கேட்டு டாக்டர் சிரிக்கவே இல்லை.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. செத்த எலும்பை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வளரவைக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பலருக்குச் சரியாகியிருக்கிறதாம், ஆனால் எனக்குத் திரும்ப வராது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் வைக்கலாம்.

முதல் வழியை மட்டும்தான் உனக்குச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரேங்க, கால் தப்பிச்சா போதும்" என்றாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் காலைக் காப்பாற்றும் செலவுக்குத்தான் உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன். கால் இங்கே இருக்கிறது, நீ அங்கே இருக்கிறாய். இது என்ன பிழைப்பு?

நம் மகள் நன்றாகப் படிக்கிறாள், உயரமாகிவிட்டாள். சீழ் நாற்றம் தெரியாமலிருக்க வீட்டில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் என் பக்கத்தில் வரும்போது, அவளை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்குப் பழகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலை எடுக்கப்போகிறார்கள் என்று சொன்னதும், "அப்ப அம்மா வந்துருவாங்களா?" என்றுதான் கேட்டாள். எனக்கு வலிக்குமா என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது, திருட்டுக் கழுதைக்கு.

ஆமாம், கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன். இது உன் கையில் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். என் அக்கா கூடவே இருக்கிறாள். உன்னிடம் மூச்சு விடக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவளைக் கோபிக்காதே. உன்னைக் கேட்காமல் செய்தேனே என்ற வருத்தம் எனக்குக் கடைசிவரை இருக்கும். உன்னை அனுப்புவதற்கு முன்பே செய்யவில்லையே என்ற வருத்தம் அதைவிடப் பெரிது.

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. நல்ல காலை ஊன்றிக்கொண்டு நாற்காலியைத்தானே சுழற்றுவேன், ஆளைச் சுற்றி நான் நடந்து எவ்வளவோ காலமாகிறது. கொக்கு என்று பெயர் வைத்தவர்கள் வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

நீ வந்திறங்கும் நாளில் ஏர்போர்ட் வாசலில், கூட்டத்துக்கு முன்னால், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே பார்க்காதே என்று சொல்லமாட்டேன், பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. முதலில் என் முகத்தைப் பார்த்துவிடு. அது போதும் எனக்கு.

நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வந்துவிடு.

வாசலைப் பார்த்தபடி நிற்கும்,
உன் கொக்கு