ஏரி வீட்டைக் குறை சொன்னவருக்கு

மகா நடிகரே,

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சுட வச்சு சாப்பிடுங்க. பிளம்பர் வருவார். ஒழுகுற குழாயைக் காட்டிட்டு நகர்ந்துடுங்க, அவருக்குப் பாடம் எடுக்காதீங்க.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரிக்கரை வீட்டைப் பார்க்கப் போறப்ப நாம பேசிக்கிட்டது என்ன? பிடிச்சாலும் காட்டிக்காம ரெண்டு குறை சொல்லணும், விலை இறங்கும். நீங்க ரெண்டோட நிறுத்துனீங்களா? தண்ணி நாறுது, சமையலறை தீப்பெட்டி மாதிரி இருக்கு, ஊர்ல ஈ காக்கா இல்லைன்னு அடுக்கிட்டே போனீங்க. வீட்டுக்கார அம்மா முகம் சுண்டிப்போய் நம்ம கைக்கு எட்டுற விலைக்கு இறங்கிட்டாங்க. அதோட விட்டிருக்கலாம். திரும்பி வர்ற பஸ்லயும் அதே பாட்டு. எது நடிப்பு, எது நிஜம்னு எனக்கே புரியல. அதான் ரெண்டு நாளா உங்ககிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசல.

இன்னிக்குக் காலையில கைப்பையைத் தேடிக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சேன். உறை பிரிக்காத தூண்டில் ஒண்ணு ஒளிஞ்சிருந்தது, நேத்து தேதி போட்ட பில்லோட.

வீட்டைப் பேசி முடிக்கத்தான் போயிருக்கேன்.

மாத்துச் சாவி என்கிட்ட இருக்கு, கதவைப் பூட்டிட்டே தூங்குங்க.

பி.கு.: பிடிக்கிற மீனை நீங்கதான் கழுவணும்.