ஸ்கேனருக்கு வைத்த பொட்டு

கிருமாம்பாக்கம்,
ஐப்பசி 9

அன்பு மகள் சிந்துவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் நீ அனுப்பிய மெஷினும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் அந்தக் குளிரிலும் நன்றாக இருக்க முருகன் துணை இருப்பான். சுகமில்லாத சேதி ஒன்று இருக்கிறது. போனில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், இரண்டு முறையும் இங்கே நல்ல மழை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

பழைய நெகட்டிவ்களைப் படமாக்க நீ ஸ்கேனர் அனுப்பினாய், முதல் நாளே எல்லாப் படத்திலும் உன் அம்மா முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள். மெஷினுக்குப் பைத்தியம் என்று மாப்பிள்ளை காதில் விழும்படி உன்னிடம் கத்தினேன். நெகட்டிவின் பளபளப்பான பக்கத்தையும் மங்கிய பக்கத்தையும் மாற்றி வைத்த பைத்தியம் நான்தான். அத்தோடு விட்டிருக்கலாம், ஆயுத பூஜை வந்தது. மோட்டார் பம்புக்கும் வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவன் மகள் அனுப்பியதை விடுவேனா, நெகட்டிவ் தட்டு நுழையும் வாய்க்கு மேலேயே பெரிதாக ஒன்று வைத்தேன். மறுநாளிலிருந்து எல்லாப் படத்திலும் நடுவில் வெள்ளையாக ஒரு கறை. ஃபிலிமில் பூசணம், அந்தக் காலத்தில் ஒழுங்காகக் கழுவவில்லை என்று முடிவு கட்டி, ஸ்டூடியோ வைத்திருந்த சிவப்பிரகாசத்தை பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் ஃபிலிமைத் துடைத்தேன், போகவில்லை, நகத்தால் சுரண்டினேன். அதுவும் மங்கிய பக்கத்தில். படம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறதாம்.

மறுநாள் அவரே வந்தார். நாலு படத்தைப் பார்த்தார். இன்னாபா பலராமா, எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல கறைன்னா அது ஃபிலிம்லயா இருக்கும், மெஷினுக்கு நெத்தியில பொட்டு வெச்சா உள்ள எறங்காதா என்றார். காய்ந்த சந்தனம் தட்டோடு உள்ளே போய் விளக்குக் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தது. மெஷினோடு வந்த சின்ன பிரஷ்ஷை விட்டு இரண்டு இழுப்பு இழுத்தார், கறை போயிற்று. அந்த பிரஷ்ஷை நான் மீசைக்கு டை அடிக்க எடுத்து வைத்திருந்தேன்.

என் நகம் செய்ததற்குத்தான் பிரஷ் இல்லை. சுரண்டியது நீ கேட்ட அதே படம்தான் சிந்து. பாகூர் ஏரிக்கரைச் சேற்றில் செருப்பை விட்டு நான் ஒற்றைக்காலில் நிற்க, தெத்துப்பல் தெரியுமே என்று கேமராவைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும் உன் அம்மா கஸ்தூரி அன்றைக்கு மட்டும் சிரித்தாளே, அது. பல் இருக்கிறது. கண் இரண்டும் போய்விட்டது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிவப்பிரகாசத்திடம் அதே பஸ் ஸ்டாப்பில் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் குடுபா போதும் என்றார். வேறு படத்திலிருந்து அவள் கண்ணை எடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டித் தரலாம் என்கிறார். மற்ற படங்களில் அவள் கண் சிரிக்கவில்லை சிந்து. ஒட்டலாமா, அப்படியே விடலாமா, நீ சொல். உன்னைக் கேட்காமல் இனி அதில் கை வைக்கமாட்டேன்.

நோய்நொடி அண்டாமல் மூவரும் நூறு வருஷம் இருங்கள். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. பதிலை எழுதியே அனுப்பு, போனில் கேட்டால் நான் மறுபடி மழையைப் பற்றிப் பேசிவிடுவேன்.

இப்படிக்கு,
நகத்தை ஒட்ட வெட்டிவிட்ட உன் அப்பா,
பலராமன்