பக்கத் தையலில் ஒரு பெயர்

ஜூலை 9, 2007, திங்கள்

காலையிலிருந்து காற்று. தெரு முழுக்கப் பனியன் நூல் தூசி. கண்ணில் விழுந்து உறுத்தல். பனியன் கம்பெனி பேக்கிங்கில் இன்று 320 பெட்டிக்கு ஸ்டிக்கர் அடித்தேன். பிரிண்டர் ஒரே தடவைதான் மக்கர்.

சாப்பாட்டு நேரத்தில் பிரௌசிங் சென்டர். ஜெர்மனிக்காரர் யான் பதில் போட்டிருக்கிறார்! ஸ்டிக்கர் அடிக்கிற மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், யாரும் திறந்து திருத்தலாம். அங்கிருந்து அதைக் கட்டி மேய்ப்பவர் இந்த யான். ஒரே பெட்டியில் நாலு சைஸ் கலந்து வைத்தால் அதற்கு ஸ்டிக்கர் அடிக்கத் தெரியாது. எங்களுக்கோ தினமும் கலந்த பெட்டிதான். மூன்று வாரம் மண்டையை உடைத்துத் திருத்தி, போன வாரம் அனுப்பியிருந்தேன். நன்றாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வரும் புதுப் பதிப்பில் சேர்க்கிறாராம். கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வரியில் பொத்தென்று விழுந்தேன். வேலை நேரத்தில் எழுதியது என்பதால் கம்பெனி சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். வியாழனுக்குள்.

21ஆம் தேதி பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ. ஓப்பன் சோர்ஸில் செய்ததைக் காட்டச் சொல்லி விளம்பரத்திலேயே இருக்கிறது. என்னிடம் காட்ட இது ஒன்றுதான். இது இல்லாவிட்டால் ஸ்டிக்கர் அடிக்கிற பெண், அவ்வளவுதான்.

ஜூலை 10, செவ்வாய்

முதலாளியிடம் கேட்கவில்லை. காரணங்கள்:

1. கேட்காமலே அனுப்பியாயிற்று. மடியில் கனம்.
2. பேட்டர்ன் மாஸ்டர். போன வருடம் டி-ஷர்ட் துணி வெட்டும் பேட்டர்ன் அட்டையைப் பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுத்தார். அன்று மாலையே வெளியே. பதினோரு வருட சர்வீஸ்.
3. பயம். (1, 2 இரண்டும் இதுதான்.)

அறைத்தோழி மேரி, செக்கிங்கில் வேலை, எங்கள் தூத்துக்குடிப் பக்கம். விஷயத்தைச் சொன்னால், "நீயே கையெழுத்தப் போட்டு அனுப்புட்டி. ஜெர்மனிக்காரன் வந்து பாக்கவா போறான்?" என்கிறாள். ஒரு நிமிடம் யோசித்தேன். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

சோப்பு வாங்க வேண்டும்.

ஜூலை 11, புதன்

முதலாளி (இனி மு.) காலையிலேயே வீரபாண்டிக்கு, சாயப்பட்டறைக்கு. நிம்மதி. நிம்மதிப்பட்டதற்காக அப்புறம் என்மேலேயே கோபம். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டேன். சூப்பர்வைசர் கத்தல்.

ஜூலை 12, வியாழன்

கேட்டுவிட்டேன். எல்லாம் சொன்னேன், முன்பே அனுப்பியதையும். பெங்களூரை மட்டும் சொல்லவில்லை.

மு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேட்டர்னக் குடுத்தா அடுத்தவன் நம்ம ஆர்டரத் தூக்கீருவான் கண்ணு. ஸ்டிக்கர் தானே? எல்லாரும் அடிச்சுட்டுப் போகட்டும்." போன உயிர் திரும்பி வந்தது.

நான் அடித்துக்கொண்டு போயிருந்த கடிதத்தைக் கையெழுத்துப் போட எடுத்தவர் நிறுத்தினார். "இதுல யாரு பேரு வரும்?"

"என் பேரு சார்."

பேனாவை மூடினார்.

"இருவது வருசமாத் தைக்கறோம். ஒரு பனியன்லயாச்சும் நம்ம கம்பெனி பேரப் பாத்திருக்கறயா? அத்தனையும் வாங்கற பையரோட லேபிளு. இதுலயாச்சும் நம்ம பேரு வரட்டும். கம்பெனி பேருன்னா கையெழுத்துப் போடறேன்."

"ரெண்டையும் போடலாமே சார்?"

"கழுத்துல ரெண்டு லேபிளாத் தைக்கறாங்க?"

எங்கிருந்துதான் வந்ததோ. "பக்கத் தையல்ல உள்ள ஒண்ணு இருக்கே சார். எப்படித் துவைக்கணும்னு போட்ட வாஷ்கேர் லேபிள்."

என்னையே பார்த்தார். "அது உள்ளதானே இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்." கையெழுத்து. சீல்.

யானுக்கு ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். வெளியே, உதவியவர்கள் பட்டியலில் கம்பெனி பெயர் போடச் சொன்னேன். உள்ளே, மென்பொருள் கோப்பில் நான் எழுதிய வரிகளுக்கு மேலே, என் பெயர். சரி என்று உடனே பதில். பிரௌசிங் சென்டரில் பத்துப் பேர் நடுவில் அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா, தெரியவில்லை.

ஜூலை 13, வெள்ளி

வெளியாகிவிட்டது. மு. அந்தப் பட்டியல் பக்கத்தைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி ரிசப்ஷனில் ஒட்டிவிட்டார். பையர் ஆபீஸிலிருந்து வந்தவரிடம், "எங்க பேரு இன்டர்நெட்டுல வந்திருச்சுங்க, பாத்தீங்களா?" மு. இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என்னிடம்: "அடுத்ததையும் இதே மாதிரிப் போட்டுரு கண்ணு."

தலையாட்டினேன். பெங்களூருக்கு இன்னும் எட்டு நாள்.

ஜூலை 16, திங்கள்

காற்று நிற்கவில்லை. 400 பெட்டி.

பெங்களூரிலிருந்து மெயில். நான் எழுதியிருந்ததை வைத்துப் பட்டியலில் தேடினார்களாம். என் பெயர் இல்லை, ஏதோ திருப்பூர் கம்பெனி பெயர்தான் இருக்கிறதாம். விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் 21ஆம் தேதி வர வேண்டாம்.

ஆறு தடவை எழுதி அழித்தேன். முதலாளி கதை, லேபிள் கதை, எல்லாம். யாருக்குப் புரியும்? கடைசியில் கோப்பின் பெயர், வரி எண் 212, 'தயவுசெய்து உள்ளே திறந்து பார்க்கவும்'. அனுப்பினேன். பிரௌசிங் சென்டர் மூடும் வரை உட்கார்ந்திருந்தேன். பதில் இல்லை.

அறைக்கு வந்ததும் கம்பெனி ரிஜெக்ட் டி-ஷர்ட்டைக் கொடியிலிருந்து எடுத்துப் புரட்டி, பக்கத் தையல் லேபிளைப் படித்தேன். இரண்டு வருடமாகப் போடுகிற டி-ஷர்ட். இன்றுதான் முதல் தடவை படிக்கிறேன்.